வடக்கு முளைக்கு மூன்று தட்டு

அந்த மேட்டில் மழை மேலிருந்து கீழே பெய்யாது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் போகும். ஒருமுறை குடை பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் குடையோடு போய்விட்டார். நான்கு நாள் கழித்துக் குடை மட்டும் திரும்பி வந்தது. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இறங்கின ஊரிலேயே நல்ல வேலை கிடைத்துவிட்டதாகக் கேள்வி. மேற்கே போக வேண்டிய காக்கை அங்கே கிழக்கே பார்த்துப் பறக்கும். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செருப்பு மட்டும் கொஞ்சம் கனமாகப் போட்டுக்கொண்டு போகவும்.

மேட்டின் உச்சியில், நடைபாதை ஒரு பள்ளத்தாக்கை விட்டு இன்னொன்றுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு கூடாரம் இருந்தது. மலை ஏறுகிறவர்கள் நடுவழியில் புயலிலோ குளிரிலோ மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கும் கூடாரம். நடுவில் ஒரே கம்பம். மேலே பச்சைத் தார்ப்பாய். அதை நாலாபுறமும் இழுத்துப் பிடிக்க எட்டுக் கயிறுகள், எட்டு முளைகள். உள்ளே நான்கு படுக்கை, ஒரு ஸ்டவ், ஒரு முதலுதவிப் பெட்டி, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு. இத்தனைக்கும் காவல் ஒரே மனிதர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஊர் அவரைக் கொட்டாப்புளி என்றுதான் கூப்பிட்டது. கொட்டாப்புளி என்றால் முளை அடிக்கிற மரச்சுத்தியல். பொருட்காட்சிக்கும் சர்க்கஸுக்கும் பெரிய பெரிய கூடாரம் போடுகிற கூட்டத்தில் முப்பது வருஷம் முளை அடித்தவர். அவர் அடித்த முளையைப் பிடுங்க முடியாமல் ஓர் ஊரில் அதையே மைல்கல்லாக வைத்துக்கொண்டார்கள்.

மேட்டுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் நோட்டில் ஏழு பேர் பெயர் எழுதியிருந்தார்கள். எட்டாவது வரியை அவரே எழுதியிருந்தார். 'பெயர்: காற்று. வந்த திசை: வடக்கு. தங்கிய நேரம்: மூன்று நாள். குறை: கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.' மேற்பார்வையாளர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அரசாங்க நோட்டில் கிறுக்கக் கூடாது என்றார்.

அந்த மேற்பார்வையாளர்தான் அன்றைக்குக் காலையில் மூச்சு இரைக்க ஏறி வந்தார். நாற்பது வயது, எப்போதும் ஏதோ ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட முகம்.

"கொட்டாப்புளி அண்ணே, இன்னிக்கு சாயங்காலம் பெரிய காத்து வருது. வானிலைக்காரங்க சிவப்பு எச்சரிக்கை குடுத்துட்டாங்க."

"காத்துக்குச் சொல்லிட்டாங்களா?"

"விளையாடாதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல இது ரெண்டு தடவை பறந்திருக்கு. மூணாவது தடவை பறந்துச்சுன்னா இந்த இடத்தையே மூடிடணும்னு மேலேர்ந்து உத்தரவு."

"மூடிட்டா நான் என்ன பண்றது?"

"நீங்க என்ன, மகள் வீட்டுக்குப் போய் ராஜா மாதிரி இருக்க வேண்டியதுதானே?"

கொட்டாப்புளி பக்கத்திலிருந்த கயிறு ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

மகள் தங்கமானவள். அவள் வீடு பன்னிரண்டாவது மாடி. ஜன்னல் திறக்காது. ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே, துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு மடக்குக் கட்டில். மருமகன் அதைவிடத் தங்கம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் "உக்காருங்க மாமா" என்பான். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வான். காலை எட்டுக்கு எல்லாரும் போய்விட்டால் சாயங்காலம் ஆறு வரை அவரும் மெஷினும். மெஷின் சுற்றி முடித்ததும் மூன்று முறை 'பீப்' என்று கூப்பிடும். ஒருநாள் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே எழுந்து போனார். அன்றைக்கே இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டார். மேட்டில் யாரும் வராவிட்டாலும் யாராவது வரக்கூடும் என்று உட்கார்ந்திருக்கலாம். பன்னிரண்டாவது மாடியில் அதுவும் கிடையாது.

"தெக்கால இருந்து ரெண்டு பேர் நடந்து வந்துட்டிருக்காங்க," என்றார் மேற்பார்வையாளர். "மத்தியானத்துக்கு மேல இங்க வந்து சேருவாங்க. அவங்க வேற இருக்காங்க, பாத்துக்குங்க."

"ரெண்டு பேரா?" கொட்டாப்புளி நிமிர்ந்தார். "டீ குடிப்பாங்களா?"

"அதெல்லாம் எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிப் போனார். இறங்கும்போதே காற்று அவருடைய தொப்பியை வாங்கிக்கொண்டது.

கொட்டாப்புளி மூன்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

காற்றுக்குக் கூடாரம் கட்டுவதென்றால் கூடாரத்தை முதலில் பணிய வைக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைத்தான் காற்று முதலில் சாய்க்கும். நடுக்கம்பத்தின் ஆணியைக் கழற்றி ஒரு முழம் கீழே இறக்கினார். கூடாரம் குட்டையாகித் தோளைக் குறுக்கிக்கொண்டது. வாசல் ஏற்கெனவே தெற்கே பார்த்துத்தான் இருந்தது, காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு. தார்ப்பாயின் ஓரம் தரையில் புரளும் இடமெல்லாம் கல்லை அடுக்கினார். வடக்குப் பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கற்களால் ஒரு சுவர் எழுப்பினார்; சுவரில் வேண்டுமென்றே ஓட்டை விட்டார், ஓட்டையே இல்லாத சுவரைக் காற்று தாண்டிக் குதித்து மறுபக்கம் மிதிக்கும். வாசலுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுவைத்தார், உள்ளே வந்த காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் பொறுமை இழந்து அதுவே ஒரு வழி செய்துகொள்ளும்.

பழைய நைலான் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டுச் சணல் கயிறாக மாற்றினார். நைலான் நனைந்தால் நெகிழ்ந்து கொடுக்கும். சணல் நனைந்தால் இறுகும். இந்த விஷயத்தில் மனிதர்களிலும் இரண்டு ஜாதி உண்டு என்று அவருடைய மனைவி சொல்வாள். அவள் போய் நான்கு வருஷம்.

பதினோரு மணிக்குச் சட்டைப் பையில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க புயலாமே? இறங்கி வந்துடுங்கப்பா."

"புயலெல்லாம் இல்லம்மா. காத்து கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு."

"நேத்து மாமாவைப் பாத்தேன். வழக்கம்போலக் கேட்டாரு."

"என்னன்னு?"

"'அங்க காத்து எப்படி இருக்கு'ன்னு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. காத்தைப் பத்தி மட்டும் வாரா வாரம் விசாரிப்பாரு."

"நீ என்ன சொன்ன?"

"காத்து நல்லாருக்கு, ராத்திரி மட்டும் கொஞ்சம் இருமுதுன்னேன். பேசாம ஒரு இருமல் மருந்து வாங்கிக் குடுத்து அனுப்புன்னு சொன்னாரு. ஏம்பா, ரெண்டு கிழவனும் பேசித் தொலைச்சா என்ன?"

"சிக்னல் சரியில்லம்மா," என்று கொட்டாப்புளி போனை வைத்தார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மாமா என்பது மனைவியின் தம்பி, அவருடைய மச்சான். கூடாரக் கூட்டத்தில் கொட்டாப்புளி முளை, மச்சான் கயிறு. பெரிய கூடாரத்தில் கயிறு, முளையில் தொடங்கிக் கம்பத்தின் உச்சிக்கு ஏறி, உருளையில் திரும்பி, அந்தப் பக்கம் இறங்கும். இந்தப் பக்கம் கொட்டாப்புளி முளை அடிக்க, அந்தப் பக்கம் மச்சான் கம்பம் சாயாமல் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். இருவருக்கும் நடுவில் ஒரு முழுக் கூடாரம். முகம் தெரியாது, கத்தினாலும் கேட்காது. அதனால் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். முளை இறங்கி முடிந்ததும் கொட்டாப்புளி அதன் தலையில் மூன்று தட்டுத் தட்டுவார். இழுத்துக் கட்டிய கயிற்றில் அந்த மூன்று தட்டும் ஓடி மச்சான் உள்ளங்கையில் போய் அதிரும். அவன் ஒருமுறை சுண்டினால் 'சரி, வந்து சேர்ந்தது' என்று பொருள். இரண்டுமுறை சுண்டினால் 'போதாது, இன்னும் அடி.' மூன்று தட்டு வராமல் மச்சான் கயிற்றை விட்டு நகர மாட்டான். ஒருமுறை கொட்டாப்புளி தட்ட மறந்துபோய்ச் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் மச்சான் கயிற்றைப் பிடித்தபடியே தாடி வளர்த்திருந்தான்.

முளைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முளையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட இரண்டு வளையம் இருக்கும். கெட்டித் தரையில் முதல் வளையம் வரை இறக்கினால் போதும். மணல் தரையில் இரண்டாவது வளையம் வரை இறக்க வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆற்றங்கரையில் பொருட்காட்சி. மணல் தரை. அன்றைக்கு மனைவி தூக்குவாளியில் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து வேலிக்கு வெளியே நின்று கையாட்டினாள். கடைசி முளை. முதல் வளையம் வரை இறக்கிவிட்டுக் கொட்டாப்புளி மூன்று தட்டுத் தட்டினார். அந்தப் பக்கம் இருந்து ஒரு சுண்டு வந்தது. சாப்பிடப் போனார்.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. கூடாரம் எழுந்து ஆற்றைத் தாண்டிப் போனது. எதிர்க்கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே அது போவதைப் பார்த்து, பொழுது சாய்ந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. முதலாளி வந்து "முளையா, கயிறா?" என்று கேட்டார். முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"கயிறு," என்றார் கொட்டாப்புளி. "நான் தட்டுறதுக்கு முன்னாடியே விட்டுட்டான்."

மச்சான் அவரை ஒரு பார்வை பார்த்தான். கைக்குச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் கயிற்றை விடாதவனுக்கு அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் கயிறு கொடுக்கவில்லை. இப்போது ஏதோ ஒரு கட்டடத்தின் அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் காவலாக, ஒற்றை ஆளாக, இருக்கிறான். அக்காவின் சாவுக்கு வந்தான். பாடையின் அந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போனான். வருஷத்துக்கு ஒருமுறை அவள் போன தேதியில் கொட்டாப்புளி அவனுக்குப் போன் போடுவார். அவன் எடுப்பான். இருவரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். பிறகு வைத்துவிடுவார்கள். இப்படி நான்குமுறை மிகவும் விரிவாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் கொட்டாப்புளி முளை அடிக்கத் தொடங்கினார். மேடு முழுக்கப் பாறைக்கு மேல் கெட்டி மண். ஏழு முளைக்கு முதல் வளையம் போதும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும், கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த ஆள்போல. அப்போதுதான் கயிறு நழுவாது. ஒவ்வொன்றையும் அடித்து முடித்ததும் பழக்கத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுக் கயிற்றில் கை வைத்து ஒரு மூச்சு நேரம் நிற்பார். ஒன்றும் வராது. அடுத்ததற்குப் போவார்.

எட்டாவது, வடக்கு மூலை. நேராகக் காற்றின் வாய்க்குள் நிற்கிற முளை. அங்கே மட்டும் மழைத் தண்ணீர் அரித்துக் கொண்டுவந்து சேர்த்த மணல். இரண்டாவது வளையம் வரை போக வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். முதல் வளையம் மண்ணைத் தொட்டபோது சட்டைப் பை அதிர்ந்தது. மேற்பார்வையாளர்.

"அண்ணே, அந்த ரெண்டு பேரும் பாதியிலேயே திரும்பிட்டாங்களாம். இனிமே யாரும் வர மாட்டாங்க. நீங்களும் பூட்டிட்டுக் கீழ இறங்கிடுங்க."

"நான் இறங்கிட்டா கயிறை யாரு பாக்கிறது?"

"உசுரு முக்கியம்ணே."

"சரி," என்றார் கொட்டாப்புளி. இறங்குகிற சரி அல்ல அது. "அவங்க... டீ குடிக்கிறவங்கதானா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

போனைப் பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தெற்குப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதை வளைந்து வளைந்து கீழே போய்க் காணாமல் போயிற்று. கையில் கொட்டாப்புளி இருந்தது. முளை எதிரே இருந்தது. கை தன்பாட்டில் மூன்று தட்டுத் தட்டியது. ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு உள்ளே போய் மூன்று டம்ளரில் இரண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

நான்கு மணிக்குக் காற்று வந்தது. முதலில் ஒரு மாதிரி அமைதி; வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றுகிற நேரம் அளவுக்கு. பிறகு ஒரேயடியாக. வெளியே வைத்திருந்த வாளி எழுந்து நடந்து போயிற்று. துவைத்துக் காயப்போட்டிருந்த பனியன், கைகளை விரித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியது. காற்றின் வேகத்தில் கைக்கடிகாரம் கால்மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. எட்டுக் கயிறும் எட்டு விதமாகப் பாடத் தொடங்கின. கொட்டாப்புளி உள்ளே உட்கார்ந்து நடுக்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். கம்பம் காய்ச்சல்காரன்போல நடுங்கியது. தார்ப்பாய் உள்ளே குழிந்தது, வெளியே உப்பியது, மறுபடி குழிந்தது. நான்கு படுக்கையும் காலியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இது நிற்குமா?

கேட்பதற்கு ஆள் இல்லை. முப்பது வருஷம் இந்தக் கேள்விக்கு விடை கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மகளிடம் கேட்டால் இறங்கி வாங்கப்பா என்பாள். மேற்பார்வையாளரிடம் கேட்டால் உத்தரவு என்பார். கொட்டாப்புளி ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தார். அதில் 'கயிறு' என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினார். இன்றைக்கு அவள் போன தேதி அல்ல. ஆனாலும் நான்காவது மணியில் அவன் எடுத்தான்.

வழக்கம்போல இருவரும் பேசவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு கார் பின்னால் போகிற சத்தம். இந்தப் பக்கம் காற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. வழக்கப்படி இப்போது வைத்துவிட வேண்டும். யாரும் வைக்கவில்லை.

கொட்டாப்புளி போனைக் கம்பத்தோடு ஒட்டி வைத்தார். கொட்டாப்புளியை எடுத்துக் கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கம் கார் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, விரல் நகத்தால் போனில் தட்டுகிற சத்தம் கேட்டது.

டக். டக்.

இரண்டு.

"ரெண்டா?" கொட்டாப்புளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத்தில் மச்சானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அடப்பாவி! எட்டும் பாத்துப் பாத்து அடிச்சிருக்கேன். எங்கயோ குந்திக்கிட்டு ரெண்டுங்கிற?"

அவன் அப்படித்தான். இரண்டு என்றால் இரண்டு.

கொட்டாப்புளி முணுமுணுத்துக்கொண்டே மனசுக்குள் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தெற்கு, அடித்தேன், தட்டினேன். கிழக்கு மூன்று, அடித்தேன், தட்டினேன். மேற்கு மூன்றும் அப்படியே. வடக்கு... தட்டினேன். தட்டினது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் அடித்தது ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் கைக்கு ஒரு பழக்கம்: மூன்று தட்டு விழுந்துவிட்டால் அந்த முளையை மறுபடி திரும்பிப் பார்க்காது.

போனைப் படுக்கையில் போட்டுவிட்டு, கொட்டாப்புளியையும் ஒரு மிச்சக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே ஊர்ந்தார். நின்று போக முடியவில்லை. நாலு காலில் போனார். போகிற வழியில் தன்னுடைய கத்தலே தன்னைத் தாண்டி முன்னால் போவதைக் கேட்டார். வடக்கு மூலையில் முளை நான்கு விரல் அளவு மேலே வந்திருந்தது. காற்று ஒவ்வொரு இழுப்புக்கும் அதை நெல்லளவு, நெல்லளவாகத் தூக்கிக்கொண்டிருந்தது. முதல் வளையம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது முளையை அடித்தால் ஆட்டம்தான் கூடும். யாராவது கயிற்றின் பளுவை வாங்கிக்கொள்ள வேண்டும்; யாராவது அடிக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. அங்கே இருந்தது அறுபத்தெட்டு வயதில் ஒரே ஆள், அதுவும் காலையிலிருந்து சாப்பிடாத ஆள்.

மிச்சக் கயிற்றைத் தார்ப்பாயின் வளையத்தில் மாட்டி, மறு நுனியைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார். கல் சுவரின் அடிக்கல்லில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துப் பின்னால் சாய்ந்தார். கூடாரத்தின் இழுப்பு மொத்தமும் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. முளையின் கயிறு தொய்ந்தது. அந்த நேரத்தில் அவர் மச்சானாகவும் இருந்தார், மச்சானுக்கு மச்சானாகவும் இருந்தார். படுத்தபடி ஒருக்களித்து, ஒற்றைக் கையால் அடித்தார். முதல் அடி மண்ணில் விழுந்தது. இரண்டாவது கட்டைவிரலில். மூன்றாவதிலிருந்து முளை இறங்கியது. நடுவில் காற்று ஒரு இழுப்பு இழுத்ததில் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, இரண்டு அடி அந்தரத்திலிருந்தே அடித்துவிட்டுத் திரும்ப இறங்கினதாகப் பிற்பாடு அவர் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் அல்ல.

இரண்டாவது வளையம் மண்ணுக்குள் போயிற்று. அதற்கு மேலும் இரண்டு அடி போட்டார். அந்த இரண்டும் ஆற்றங்கரைக்கு. முளைக்குப் பின்னால் மணலைக் கையால் தோண்டி, கல் நிரப்பிய ஒரு சாக்கைக் குறுக்கே புதைத்து, மிச்சக் கயிற்றை அதில் கட்டினார். அப்புறம் மூன்று தட்டுத் தட்டினார்.

உள்ளே திரும்பி வந்தபோது கடிகாரம் ஆறு காட்டியது. அது ஓடின கால்மணியைக் கழித்துக்கொள்ளலாம். போன் படுக்கையில் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தார். வைத்துவிட்டிருப்பான் என்று நினைத்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. மூன்று தட்டு வராமல் அவன் நகர மாட்டான்.

"ஆமா," என்றார் கொட்டாப்புளி. "நாலு விரக்கடை எழும்பியிருந்துச்சு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு காரின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு ஆத்தங்கரையில..." கூடாரம் ஒருமுறை உப்பி அடங்கியது. "அன்னிக்கும் முதல் வளையம்தான். நான்தான். நீ விடல."

"தெரியும்," என்றான் மச்சான். பதினோரு வருஷத்தில் குரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. "பிடுங்கிக்கிட்டுக் கிடந்த முளையை நான்தானே மொதல்ல பாத்தேன். முதல் வளையம் வரைக்கும்தான் ஈர மணல் ஒட்டியிருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"பதினோரு வருஷமாவா?"

"நேரமாக்கினது நானா?"

கொட்டாப்புளியின் கட்டைவிரல் வீங்கித் தக்காளியாக இருந்தது. அதை ஸ்டவ் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப மட்டும் ரெண்டுன்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீ தட்டுற மூணை அதுக்கப்புறம் நான் நம்பறதில்ல, அவ்வளவுதான்."

அது நியாயமாகத்தான் இருந்தது. கொட்டாப்புளி போனைக் கம்பத்தோடு வைத்து, மறுபடியும் மூன்று தட்டினார். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு.

அந்தப் பக்கம் அவன் யோசித்தான். சும்மா உடனே கொடுத்துவிடுகிற ஆள் இல்லை.

டக்.

ஒன்று.

அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருந்தது? போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கொட்டாப்புளி ஒரு டம்ளர் டீ போட்டார். கொஞ்சம் யோசித்து, பெட்டியைத் திறந்து இன்னொரு டம்ளரை எடுத்து அதிலும் ஊற்றி எதிர்ப்படுக்கையின் ஓரத்தில் வைத்தார். அது ஆறிப்போயிற்று. அவருடைய டீயும் ஆறியது. இரண்டையும் அவரே குடித்தார். மச்சான் அங்கே வண்டிகளுக்குக் கதவு திறந்து மூடுவது கேட்டது. அவனுக்கு இங்கே காற்று கேட்டது. போனில் சார்ஜ் தீருகிறவரைக்கும் அப்படியே இருந்தது. தீர்ந்த பிறகும் கொட்டாப்புளி கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் மேற்பார்வையாளர் ஏறி வந்தார். வழியில் மூன்று மரம் விழுந்திருந்தது, அவருடைய அலுவலகத்துக் கூரை அடுத்த தெரு அலுவலகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே வளைவில் திரும்பும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவே பயந்தார். பார்த்தார். மேட்டின் மேல் பச்சைக் கூடாரம், குட்டையாக, தோளைக் குறுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் கொட்டாப்புளி உட்கார்ந்து கட்டைவிரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"நின்னுடுச்சேண்ணே!"

"ம்."

மேற்பார்வையாளர் எட்டுக் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். வடக்குக் கயிற்றை மட்டும் இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார். உள்ளே போய் நோட்டைப் புரட்டினார். புதிதாக ஒரு வரி இருந்தது. 'பெயர்: மச்சான். தங்கிய நேரம்: சார்ஜ் தீரும்வரை. குறை: இரண்டு தட்டினார்.'

"யாரோ வந்திருக்காங்க போல. நேத்து நெலமைக்கு யாரும் ஏற முடிஞ்சிருக்காதே. எங்க அவரு?"

"கயிறைப் பிடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் நிக்கிறாரு," என்றார் கொட்டாப்புளி.

மேற்பார்வையாளர் நோட்டை வைத்துவிட்டுக் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.